முதுமைக்கு ஓர் அமைச்சர்

உத்தியோகத்தின் பொருட்டு ஊரை விட்டு வந்து, வந்த இடத்திலேயே வேரூன்றிவிட்ட நம் போன்ற குடும்பங்களில் பேசித் தீராத விஷயம் ஒன்று உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கும், பெண்ணின் விவாகத்துக்கும் எப்படியோ ஒரு வழி பிறந்துவிடுகிறது. ஆனால் வயதான பெற்றோரை எங்கே வைத்துக்கொள்வது, யார் பார்த்துக்கொள்வது என்னும் பிரச்சினைக்கு மட்டும் எளிதில் வழி பிறப்பதில்லை. ஊரில் தனியே விட்டிருக்க நமக்கு மனம் வருவதில்லை. இங்கே அழைத்துவந்தாலோ, அவர்களுக்கு இந்த ஊர்ப் பாஷையும் பழகுவதில்லை; தில்லியின் தை மாதக் குளிரும் ஒத்துக்கொள்வதில்லை.

மத்திய அரசாங்கக் காரியாலயம் ஒன்றில் 31 ஆண்டுகள் கோப்புகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஆகையால் அரசாங்கத்தைப் பற்றிய சந்தேகம் எதுவாயினும் இப்பகுதித் தமிழன்பர்கள் என்னிடம் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. மனு எழுதித் தருவதும் படிவம் நிரப்பித் தருவதுமே என் மாலைப் பொழுதின் அலுவல்கள். சில மாதங்களுக்கு முன் அன்பர் ஒருவர் கேட்டார்: "ரயிலுக்கு ஓர் அமைச்சர் இருக்கிறார், உரத்துக்கு ஒருவர் இருக்கிறார், ஜவுளிக்கும் இருக்கிறார். வயதானவர்களுக்கென்று ஓர் அமைச்சர் உண்டா, ஐயா?" அவர் அதை வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்கோ அன்றிரவு வெகுநேரம் வரை அந்தக் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை.

உண்டு என்றும் சொல்லலாம். இல்லை என்றும் சொல்லலாம். மத்திய அரசாங்கத்தில் மூத்த குடிமக்களின் நலம், சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சரின் பொறுப்பில் இருக்கிறது. நல அமைச்சகம் என்ற பெயரில் 1985-86-ல் தோன்றிய அந்த அமைச்சகம், இப்பெயரை 1998-ல் பெற்றது. பட்டியல் சாதியினர், பிற்பட்ட வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள், போதைப் பழக்கத்துக்கு அடிமையானோர் ஆகிய பலருடைய நலனையும் கவனிக்க வேண்டிய அமைச்சருக்கு முதியோரும் ஒரு பொறுப்பு. முதியோருக்கான தேசியக் கொள்கை 1999-ல் வகுக்கப்பட்டது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ல் நிறைவேறியது. வறிய முதியோருக்கு ஊன்றுகோல், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி முதலியவற்றை இலவசமாக வழங்கும் திட்டம் 2017-ல் வந்தது. 14567 என்ற எண்ணில் நாடு முழுவதும் முதியோர் உதவி கேட்கும் தொலைபேசி வசதி 2021-ல் தொடங்கப்பட்டது. இவை யாவும் அந்த அமைச்சகத்தின் பணிகளே. அவற்றைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று.

ஆயினும் ஒரு வயோதிகரின் வாழ்க்கைக்கு வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். வறியவர்களுக்கான மத்திய முதியோர் உதவித்தொகை ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. அதில் மத்திய அரசாங்கத்தின் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80 வயது நிரம்பியவர்களுக்கு 500 ரூபாய். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் அந்தந்த மாநிலத்தின் மனத்தையும் பொருளையும் பொறுத்தது. மருத்துவம் சுகாதார அமைச்சகத்தைச் சேர்ந்தது. சேமிப்புக்கு வட்டி நிர்ணயிப்பது நிதி அமைச்சகம். ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போய்வர உதவிய ரயில் கட்டணச் சலுகை ரயில்வே அமைச்சகத்தின் கையில் இருந்தது. அச்சலுகை 2020 மார்ச்சில் நோய்த்தொற்றை முன்னிட்டு நிறுத்தப்பட்டது. முதியோர் இல்லங்கள் அமைப்பது மாநில அரசாங்கத்தின் பொறுப்பு. முதியவருடைய உடம்பு ஒன்று. அதன் வயிறு ஓர் அமைச்சரிடம், கண் வேறோர் அமைச்சரிடம், கால் மற்றோர் அமைச்சரிடம் என்று பிரிந்து கிடக்கிறது.

இந்தப் பிரிவினையால் நிகழும் துன்பத்தை நான் நேரில் கண்டது ஒரு மூதாட்டியின் விஷயத்தில்.

அந்த அம்மையார் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். கணவர் காலமானபின் தில்லியிலுள்ள இளைய மகனிடம் வந்து சேர்ந்தார். ஓராண்டு கழிந்தபின், மகன் வீட்டில் இருக்க முடியாது என்ற நிலை ஏற்பட்டு, எங்கள் தெருவிலுள்ள தம் தமக்கை மகளின் வீட்டுக்கு வந்துவிட்டார். உறவினர்கள் அவரை என்னிடம் அழைத்துவந்து, 2007-ம் ஆண்டுச் சட்டத்தின்படி மனு எழுதித் தரச் சொன்னார்கள்.

அந்தச் சட்டத்தின் சாரத்தை வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். 60 வயது நிரம்பியவர் மூத்த குடிமகனாவார். தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள இயலாத பெற்றோர், தம் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். தீர்ப்பாயத்துக்குத் தலைமை வகிப்பவர் உட்கோட்ட அதிகாரியின் தரத்துக்குக் குறையாதவராக இருத்தல் வேண்டும். எதிர் மனுதாரருக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் தீர்ப்புக் கூற வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாட்கள் வரை நீட்டிக்கலாம். தொகையின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். முதியவரைக் காப்பாற்ற வேண்டியவரே அவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறைவாசமோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நம் போன்ற புலம்பெயர்ந்தோருக்கு மிகவும் பயன்படும் விதியும் ஒன்று உண்டு. பெற்றோர் இப்போது வசிக்கும் மாவட்டத்திலும், முன்பு கடைசியாக வசித்த மாவட்டத்திலும், பிள்ளை வசிக்கும் மாவட்டத்திலும் இவற்றுள் எங்கு வேண்டுமாயினும் மனுவைத் தாக்கல் செய்யலாம். ஊருக்கும் தில்லிக்கும் அலையவேண்டிய அவசியம் இல்லை.

நான் மனுவை எழுதத் தொடங்கினேன். எதிர் மனுதாரர் பெயர் என்ற இடத்துக்கு வந்தபோது அம்மையார், "அங்கே யார் பெயரை எழுதப்போகிறாய், தம்பி?" என்று கேட்டார்.

"உங்கள் மகன் பெயரைத்தான், அம்மா."

சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெயர் என் மாமனாருடைய பெயர். ஆசையாக அவனுக்கு வைத்தேன். அதைக் கச்சேரியில் கூப்பிட்டு நிற்கவைப்பதற்கா வைத்தேன்? வேண்டாம், தம்பி, தாளைக் கொடுத்துவிடு" என்றார். அரைகுறையாய் எழுதிய தாளை வாங்கி நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுவாரம் அந்த மகனே என்னைத் தேடி வந்தான். அவன் ஒரு கடைத்தொகுதியில் இரவுக் காவலாளி. மனைவி இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறாள். குடியிருப்பது ஒற்றை அறை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஐயா, அம்மா வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. பகலில் நான் உறங்காவிட்டால் இரவில் கண் அயர்ந்துவிடுவேன், வேலை போய்விடும். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. இரண்டு முறை அடுப்பில் புடைவைத் தலைப்புப் பற்றிக்கொண்டது. ஒருமுறை வெளியே போய் வழி தவறிவிட்டார். அவருக்கு இந்தியும் தெரியாது. பகலில் ஒரு எட்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால் போதும், ஐயா. அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது?"

அவனுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. சட்டம் அவனிடமிருந்து பணம் வாங்கித் தரும். அந்த அம்மையாருக்கு வேண்டியிருந்ததோ பணம் அன்று. அவருடைய கண்ணில் புரை முற்றியிருந்தது. நம் சங்கத்து இளைஞர் இருவர் அவரை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப்போய், வரிசையில் நின்று, நாள் குறித்து வாங்கி, அறுவை சிகிச்சை செய்வித்தார்கள். இரண்டு மாதத்தில் இரண்டு கண்களும் தெளிந்தன. மகன் வந்து தாயை அழைத்துப்போனான். இப்பொழுது பேரனைப் பள்ளியில் விட்டு வருபவர் அந்த அம்மையார்தாம்.

இதை ஓர் அற்புதம் என்று நான் சொல்லவில்லை. தாயும் மகனும் வழக்காடவேண்டிய நிலைக்கு வந்ததன் காரணம் கண் புரை. தீர்ப்பாயத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரிக்கு 10,000 ரூபாய் வரை உத்தரவு போட அதிகாரம் உண்டு; கண்ணைச் சோதித்துவிட்டு வா என்று சொல்ல அவரிடம் படிவம் இல்லை. கண் மருத்துவருக்குப் புரையை நீக்கத் தெரியும். அந்த நோயாளி எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவார் என்று கேட்பது அவர் வேலையன்று. இருவரையும் ஒரே இடத்தில் அமரச் செய்ய வேண்டியவர் யார்? அவர்தாம் முதுமைக்கு அமைச்சர் என்பது என் அபிப்பிராயம்.

2007-ம் ஆண்டுச் சட்டத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதில் என் கருத்தைக் கவர்ந்தது இரண்டு சொற்களின் வேற்றுமை. பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் கடமை என்று 4-ம் பிரிவு உறுதியாகச் சொல்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றேனும், ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கும்படியாக, மாநில அரசாங்கம் இல்லங்கள் அமைப்பதைப் பற்றிக் கூறும் 19-ம் பிரிவோ, அமைக்கலாம் என்றே சொல்கிறது. பிள்ளைக்குக் கடமை, அரசாங்கத்துக்கு விருப்பம். அடிக்க ஒரு கோல் இருக்கிறது. ஊன்ற ஒரு கோல் இல்லை. கடமை தவறும் பிள்ளைகள் இல்லை என்று நான் வாதாடவில்லை. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு தாய் தந்தையரை வாசலில் நிறுத்தியவர்களையும் நான் அறிவேன். பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற 23-ம் பிரிவு வழி செய்கிறது. இதைப் பற்றி உச்ச நீதிமன்றத்திலும் வழக்குகள் நடந்துள்ளன. அந்த நிபந்தனை இருந்ததை நிரூபிக்கவேண்டும் என்று 2022-ல் ஒரு தீர்ப்பு வந்தது. ஆகவே தானப் பத்திரம் எழுதும் பெரியவர்கள், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது உத்தமம். ஆனால் கெட்ட பிள்ளைகளைத் தண்டிப்பதற்காக மட்டும் ஓர் அமைச்சர் வேண்டியதில்லை. அதற்கு நீதிமன்றம் போதும். நல்ல பிள்ளைகள் களைத்து விழாமல் தாங்குவதற்கே அமைச்சர் வேண்டும்.

என் சொந்த அனுபவமும் இதையே சொல்கிறது. என் தாயார் எங்களிடம் இருந்து, 92-ம் வயதில் காலமானார். கடைசி நான்கு ஆண்டுகள் படுக்கையிலேயே இருந்தார். நான் காரியாலயத்திலிருந்து திரும்பி, அவர் அருகில் அமர்ந்து, பத்திரிகையைப் படித்துக் காட்டுவேன். உறவினர்கள் என்னைத் தாயைப் போற்றிய மகன் என்று புகழ்ந்தார்கள். ஆனால் இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்ததும், படுக்கைப் புண் வராமல் முதுகைத் துடைத்ததும், மலசலம் எடுத்ததும், கஞ்சி புகட்டியதும் என் மனைவி. அந்நான்கு ஆண்டுகளில் அவள் தன் தங்கையின் மகள் கலியாணத்துக்குக் கூடப் போகவில்லை. இன்றும் அவளுக்கு இடுப்பு நிமிர்வதில்லை.

சட்டத்தின் 2-ம் பிரிவில், பிள்ளைகள் என்ற சொல்லுக்கு மகன், மகள், பேரன், பேத்தி என்றே பொருள் கூறப்பட்டிருக்கிறது. மருமகள் அதில் இல்லை. மருமகளையும் மருமகனையும் சேர்க்கவும், 10,000 ரூபாய் உச்சவரம்பை நீக்கவும் 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவையில் கொண்டுவரப்பட்டது. அது நிறைவேறாமலே 2024-ல் அந்த மக்களவையோடு காலாவதியாயிற்று. அது நிறைவேறியிருந்தாலும், மருமகளின் தலையில் ஒரு கடமையாகத்தான் வந்து அமர்ந்திருக்கும். ஒரு வாரம் ஓய்வு கொடு, ஓர் உதவியாளை அனுப்பு, நோயாளியைத் தூக்கும் முறையைக் கற்றுக்கொடு என்று அவள் சார்பில் கேட்பவர் யார்?

முதியோருக்கென்றே அமைச்சர் இருக்கும் நாடுகளும் உண்டு. நம் சங்கக் குடும்பத்துப் பெண்ணொருத்தி ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியாகப் பணிபுரிகிறாள். விடுமுறையில் வந்திருந்தபோது அவளிடம் விசாரித்தேன். அங்கே முதியோர் பராமரிப்புக்கென்று மத்திய அரசாங்கத்தில் தனி அமைச்சர் இருக்கிறார். பெரும்பாலான இல்லங்களை நடத்துபவர்கள் தனியாரும் தர்ம ஸ்தாபனங்களும். செலவில் பெரும் பங்கை அரசாங்கம் தருகிறது. அத்தனையும் இருந்தும், அந்த இல்லங்களில் நடந்த கொடுமைகள் வெளிவந்ததால் 2018-ல் ஓர் உயர்மட்ட விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. 2019-ல் அக்குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கைக்குத் தலைப்பு ஒரே சொல்: புறக்கணிப்பு. 2021-ல் வெளியான இறுதி அறிக்கையில் 148 பரிந்துரைகள் இருந்தன. அமைச்சர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. ஒவ்வோர் இல்லத்திலும் இரவு பகல் 24 மணி நேரமும் பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கவேண்டும் என்ற விதி 2023 ஜூலையில் அமலுக்கு வந்தது. ஒவ்வொரு முதியவருக்கும் நாளொன்றுக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்புக் கிடைக்கவேண்டும் என்று 2024 அக்டோபரில் வரையறுத்தார்கள். முதியோரின் உரிமைகளை முன்வைத்து எழுதப்பட்ட புதிய சட்டம் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. "நிமிடக் கணக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோகிறது, தாத்தா" என்று அந்தப் பெண் குறைப்பட்டுக்கொண்டாள். எனக்கோ அது நல்ல செய்தியாகப் பட்டது. நிமிடத்தை எண்ணத் தொடங்கிவிட்டால், குறைந்தபோது ஏன் குறைந்தது என்று பாராளுமன்றத்தில் கேட்கலாம். அமைச்சர் எழுந்து பதில் சொல்லியே தீரவேண்டும். என் மனைவி நான்கு ஆண்டுகளில் செலவிட்ட நிமிடங்களை எந்தக் கணக்கிலும் எவரும் எழுதவில்லை.

ஆஸ்திரேலியா செல்வம் மிக்க நாடு. மக்கள் தொகை குறைவு. அவர்களுடைய இல்லங்களை அப்படியே இங்கே கட்டிவிட முடியாது. கட்டினாலும் நம் பெரியவர்களில் பலர் போய்த் தங்க விரும்பமாட்டார்கள். நம் நாட்டில் 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 60 வயது கடந்தவர்கள் ஏறக்குறைய 10.4 கோடி. 2036-ல் இத்தொகை ஏறக்குறைய 22.7 கோடியாக உயரும் என்று அரசாங்கத்தின் நிபுணர் குழு மதிப்பிட்டிருக்கிறது. அதாவது ஏழு பேரில் ஒருவர் முதியவராக இருப்பார். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே இருப்பார்கள், வீட்டிலேயே பராமரிக்கப்படுவார்கள். ஆகவே நம் அமைச்சரின் வேலை இல்லங்களிலிருந்து தொடங்குவதைவிட, வீடுகளிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

அவரிடம் நாம் கேட்கவேண்டியவை மூன்று. முதலாவது, பிரிந்து கிடக்கும் துறைகளைச் சேர்த்துவைத்தல். மூத்த குடிமக்களுக்கான தேசிய மன்றம் ஒன்று இருக்கிறது. அதற்குத் தலைவர் சமூக நீதி அமைச்சரே. மற்ற அமைச்சகங்களைக் கேள்வி கேட்கும் இடமாக அது விளங்கவேண்டும். இரண்டாவது, மாநில எல்லையைத் தாண்டியும் செல்லுபடியாகும் உரிமை. 70 வயது நிரம்பிய எவருக்கும், வருமானம் எதுவாயினும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை என்று 2024-ல் அறிவித்தார்கள். அந்த அட்டை திட்டத்தில் சேர்ந்த மாநிலங்களில் எங்கும் செல்லும். உதவித்தொகைக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. எங்கள் பகுதியில் வீட்டு வேலை செய்யும் பெண்ணின் தாயார், ஊரை விட்டு மகளிடம் வந்ததால், அங்கே சரிபார்க்க வந்தபோது ஆள் இல்லை என்று பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வயோதிகம் அடைந்தது உண்மை; வறுமையும் உண்மை; எல்லையைக் கடந்ததால் இரண்டும் மறைந்துவிடுமா? மூன்றாவது, பராமரிப்பவரைப் பராமரித்தல். பகல் நேரக் காப்பகம், பயிற்சி பெற்ற உதவியாள், மாதத்துக்கு ஓரிரு நாள் ஓய்வு ஆகிய இவை கிடைத்தால் எத்தனையோ மனுக்கள் எழுதப்படாமலே போகும்.

அமைச்சர் செய்யும் வரையில் நாம் சும்மா இருக்கவேண்டும் என்பதில்லை. 14567 என்ற எண் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. அதை வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் படும் இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். 70 வயதானவர்களுக்கு அந்த மருத்துவ அட்டையை நோய் வருமுன்பே எடுத்துவையுங்கள். நம் சங்கக் கட்டிடத்தின் கீழ்க்கூடம் பகல் முழுவதும் பூட்டியே கிடக்கிறது. இந்தி தெரியாத நம் பெரியவர்கள் பத்துப் பேர் பகலில் வந்து அமர்ந்து, தமிழில் பேசி, ஒருவேளை உண்டு போக அது போதுமான இடம். ஒரு மருத்துவர் வாரத்துக்கு ஒருநாள் வந்து கண்ணையும் காதையும் சோதித்தால் இன்னும் நல்லது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர எண்ணியிருக்கிறேன்.

தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் சாலை, தண்ணீர், பள்ளி என்று கேட்கிறோம். இனி இதையும் சேர்த்துக் கேட்போம்: எங்கள் வீட்டில் படுக்கையிலிருக்கும் பெரியவருக்கும், அவர் அருகே இரவெல்லாம் விழித்திருக்கும் பெண்ணுக்கும் உங்கள் அரசாங்கத்தில் பதில் சொல்லவேண்டியவர் யார்? இந்தக் கேள்வி பலமுறை, பலரால் கேட்கப்பட்டால்தான் அதற்கு ஒரு பெயரும் ஒரு முகமும் கிடைக்கும். அன்பர்கள் சிந்திப்பார்களாக.